கலிபோர்னியாவா, டெக்சாஸா? – கெட்ட நாளைக் கேட்டுப் பாருங்கள்!



"அமெரிக்கா போயிட்டா லைஃப் செட்டில்டுப்பா!"

ஹாஸ்டல் மொட்டை மாடியில் இந்த வசனத்தைக் கேட்காதவர் நம்மில் யார்? ஒருத்தன் "கலிபோர்னியாதான் சொர்க்கம்" என்பான். இன்னொருத்தன் "அட போப்பா, அங்க வீட்டு வாடகை கொடுத்தே செத்துடுவான். டெக்சாஸ் போ, வருமான வரியே கிடையாது!" என்பான். ஃப்ரீமாண்ட்டிலோ ஃப்ரிஸ்கோவிலோ இருக்கும் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரைச் சாட்சிக்கு இழுப்பான். ராத்திரி பன்னிரண்டு மணி வரை பட்டிமன்றம் நடக்கும். தீர்ப்பு மட்டும் வராது.

அந்தத் தீர்ப்பைத்தான் இந்த மலரில் எழுதிப் பார்க்கிறேன். ஆனால் கம்ப்யூட்டர் எஞ்சினியரை வைத்து அல்ல. பெரிய சம்பளக்காரனுக்கு எந்த ஊரும் நல்ல ஊர்தான். நம்மைப் போல் கையில் டூல்ஸ் பிடிக்கிற ஒருவரை வைத்துப் பார்ப்போம். ஒரு எலெக்ட்ரிஷியன் என்றே வைத்துக்கொள்வோம். லைசென்சோ சான்றிதழோ, ஒரு முழு எலெக்ட்ரிஷியன் ஆவதற்கு இரண்டு மாநிலங்களும் கேட்பது 8,000 மணி நேர வேலை அனுபவம். மின்சாரமும் இரண்டு இடத்திலும் 60 ஹெர்ட்ஸ். ஆக, ஒரே தொழில், ஒரே அனுபவம். வாழ்க்கை மட்டும் ஏன் வேறு வேறாக இருக்கிறது? இதுதான் கேள்வி.

நல்ல நாளின் கணக்கு

முதலில் சாதாரண ஒரு நாளைப் பார்ப்போம். வேலை இருக்கிறது, உடம்பு நன்றாக இருக்கிறது, மழை வெள்ளம் இல்லை. இந்தக் கணக்கில் டெக்சாஸ் ஜெயிக்கிறது. இதை மறைத்துப் பிரயோஜனம் இல்லை.

2024இல் கலிபோர்னியாவில் ஒரு பழைய தனி வீட்டின் நடுத்தர விலை 9 லட்சம் டாலரைத் தொட்டது. அதே வருஷம் டெக்சாஸில் அது மூன்றரை லட்சத்துக்குள் அடங்கியது. கரண்ட் சார்ஜும் கலிபோர்னியாவில் ஏறத்தாழ இரண்டு மடங்கு. பெட்ரோலும் அங்கேதான் விலை அதிகம். டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. கலிபோர்னியாவில் பெரும் பணக்காரர்களுக்கு அது 13.3 சதவீதம் வரை போகிறது.

ஆகவே ஜனங்கள் மூட்டை கட்டுகிறார்கள். 2022இல் கலிபோர்னியாவிலிருந்து டெக்சாஸுக்குக் குடிபோனவர்கள் சுமார் 1 லட்சம் பேர். அங்கிருந்து இங்கே வந்தவர்கள் சுமார் 40 ஆயிரம் பேர்தான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு கலிபோர்னியா தன் சரித்திரத்திலேயே முதல் தடவையாக நாடாளுமன்றத்தில் ஒரு இடத்தை இழந்தது. டெக்சாஸுக்கு இரண்டு இடங்கள் கூடின.

"பாத்தியா! நான்தான் சொன்னேன்ல!" என்று டெக்சாஸ் கட்சி நண்பன் எழுந்து நிற்பது தெரிகிறது. கொஞ்சம் உட்காருங்கள், நண்பரே! வரிக் கணக்கு அவ்வளவு சுலபம் இல்லை.

வருமான வரி இல்லாத அரசு எதை வைத்து ஓடும்? விற்பனை வரியும் வீட்டு வரியும்தான். சோப்பு வாங்கினாலும் வரி, சட்டை வாங்கினாலும் வரி. கோடீஸ்வரனுக்கும் அதே 8.25 சதவீதம், கூலிக்காரனுக்கும் அதே 8.25 சதவீதம். கூலிக்காரன் சம்பாதிப்பது முழுவதும் கடைக்கே போய்விடுவதால், அவன் வருமானத்தில் வரியின் பங்கு பெரிதாகிறது. வருமானத்தின் பங்காகப் பார்த்தால் அடிமட்டக் குடும்பம் டெக்சாஸில் கட்டும் மாநில, உள்ளூர் வரி கலிபோர்னியாவில் கட்டுவதைவிட அதிகம். மேல்தட்டுக் குடும்பத்துக்கு மட்டும்தான் டெக்சாஸ் உண்மையிலேயே மலிவு! 'வரி இல்லாத மாநிலம்' என்று சொல்வது யாருடைய வாய் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

சம்பளத்தையும் பாருங்கள். டெக்சாஸில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். இது மத்திய அரசு 2009இல் வைத்த அளவு. அதற்கு மேல் மாநிலம் ஒரு காசுகூடக் கூட்டவில்லை. கலிபோர்னியாவில் 2025இல் அது 16.50 டாலர். டெக்சாஸ் நகரங்களில் பல கடைகள் 7.25க்கு மேலேயே கொடுக்கின்றன, உண்மைதான். ஆனால் அது முதலாளியின் தேவையைப் பொறுத்தது. சட்டம் தரும் உரிமை அல்ல.

இவ்வளவும் சொன்ன பிறகும், வீடு என்ற ஒரே ஒரு பொருளில் டெக்சாஸ் மற்ற எல்லாவற்றையும் ஈடுகட்டிவிடுகிறது. நல்ல நாளில் டெக்சாஸ்தான் மேல். ஒத்துக்கொள்கிறேன்.

கெட்ட நாள் வந்தால்?

ஆனால் வாழ்க்கை முழுக்க நல்ல நாளாகவா இருக்கிறது?

நம்ம எலெக்ட்ரிஷியன் ஏணியிலிருந்து விழுந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கலிபோர்னியாவில் ஒரே ஒரு ஆளை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளியும் தொழிலாளர் விபத்து இன்சூரன்ஸ் எடுத்தே ஆக வேண்டும். டெக்சாஸில் தனியார் முதலாளிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எடுத்திருந்தால் அதிர்ஷ்டம். எடுக்காவிட்டால், உடைந்த காலோடு கோர்ட்டுக்கு நடக்க வேண்டியதுதான்.

வேலையில் அடிபடவில்லை, வீட்டிலேயே காய்ச்சலில் படுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கலிபோர்னியாவில் 1946 முதலே மாநில உடல்நலக் குறைவு இன்சூரன்ஸ் உண்டு; சம்பளத்தில் ஒரு பங்கு வந்துகொண்டிருக்கும். பிள்ளை பிறந்தாலோ அம்மாவுக்கு முடியாமல் போனாலோ லீவு போட்டுக் கவனித்துக்கொள்ள, 2004 முதல் சம்பளத்தோடு குடும்ப விடுப்பு. அமெரிக்காவிலேயே அதை முதலில் கொண்டுவந்த மாநிலம் அதுதான். டெக்சாஸ் அரசு இப்படி ஒரு திட்டத்தை எல்லாத் தொழிலாளர்களுக்கும் வைத்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரிச் செலவு? 2010இல் வந்த மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம், ஏழைகளுக்கான மெடிக்கெய்டு திட்டத்தை விரிவாக்கச் சொன்னது. 2012இல் உச்ச நீதிமன்றம், அது மாநிலங்களின் விருப்பம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. கலிபோர்னியா 2014இல் விரிவாக்கியது. டெக்சாஸ் மறுத்தது. விளைவு? 2023இல் கலிபோர்னியாவில் மருத்துவ இன்சூரன்ஸ் இல்லாதவர்கள் 100க்கு 6 பேர். டெக்சாஸில் 100க்கு 16 பேர்! 50 மாநிலங்களிலும் இதுதான் மோசமான நிலை.

இப்போது ஆயுளைப் பாருங்கள். 2019இல் பிறந்த குழந்தைக்குக் கணக்கிட்ட சராசரி ஆயுள் கலிபோர்னியாவில் 80.9 வருஷம், டெக்சாஸில் 78.6. கொரோனா வந்த 2020இல் அது 79.0, 76.5 என்று இரண்டிலுமே இறங்கியது, இடைவெளி குறையவில்லை. இரண்டு, இரண்டரை வருஷம்! பேரனைத் தூக்கிக் கொஞ்சுகிற வருஷங்கள் அவை.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால் இதையும் சொல்ல வேண்டும்: ஆயுளை நிர்ணயிப்பது இன்சூரன்ஸ் மட்டுமல்ல. சிகரெட், சாப்பாடு, ரோடு விபத்து, துப்பாக்கி என்று நூறு காரணங்கள் உண்டு. ஆனாலும் நூற்றில் பதினாறு பேர் டாக்டரிடம் போக யோசிக்கும் ஊரில் அந்தக் காரணங்கள் எல்லாமே கூடுதல் பலத்தோடு அடிக்கும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

வெயிலும் ஒரு பாட்டில் தண்ணீரும்

சிவில் படிக்கும் நண்பர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். நாளைக்கு சைட்டில் நிற்கப் போவது நீங்கள்தான்.

கலிபோர்னியா 2005இல் ஒரு விதி போட்டது. வெளியில் வேலை செய்பவருக்கு மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் குடிதண்ணீர் கிடைக்கும்படி ஏற்பாடு இருக்க வேண்டும். வெப்பம் 80 ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால், அதாவது நம்ம கணக்கில் சுமார் 27 டிகிரி செல்சியஸ், நிழல் இருக்க வேண்டும். 27 டிகிரி நமக்கு மார்கழி மாதம்! அதற்கே அங்கே நிழல் கட்டாயம்.

டெக்சாஸில்? ஆஸ்டின் நகரம் 2010இலும் டல்லஸ் நகரம் 2015இலும், கட்டட வேலையாட்களுக்கு 4 மணி நேரத்துக்கு 10 நிமிஷம் ஓய்வு என்று நகர விதி போட்டன. மாநிலம் முழுவதற்கும் அல்ல, அந்தந்த ஊருக்கு மட்டும். 2023இல் மாநிலச் சட்டமன்றம், இந்த மாதிரி நகர விதிகளையெல்லாம் ஒட்டுமொத்தமாகச் செல்லாததாக்கும் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. நகரங்கள் அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போயின. நகரத்துக்கு நகரம் வேறு விதி இருந்தால் தொழில் செய்வது கஷ்டம் என்பது சட்டம் கொண்டுவந்தவர்களின் வாதம். சரி, அப்படியானால் மாநிலம் முழுவதற்கும் ஒரே மாதிரி அந்த 10 நிமிஷத்தைக் கொடுத்திருக்கலாமே! ஏன் கொடுக்கவில்லை?

4 நிமிஷம் 23 விநாடி

இனி எலெக்ட்ரிக்கல் நண்பர்களின் முறை. ஜெனரேட்டரின் மேல் லோடு கூடினால் என்ன ஆகும்? வேகம் குறையும், ஃப்ரீக்வென்சி இறங்கும். மெஷின்ஸ் பாடத்தில் படித்தோம், பரீட்சையில் எழுதினோம், மறந்தும் போனோம். டெக்சாஸ் மக்கள் அதை மறக்கவே மாட்டார்கள்.

அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கு ஒரு கிரிட், மேற்குப் பகுதிக்கு ஒரு கிரிட். டெக்சாஸின் பெரும்பகுதிக்கு மட்டும் தனி கிரிட்! மாநில எல்லையைத் தாண்டி விற்காத மின்சாரத்தில் மத்திய அரசு அதிகம் தலையிட முடியாது. அந்தச் சுதந்திரத்துக்காகவே அவர்கள் தனியாக நின்றார்கள். 2011 பிப்ரவரியில் ஒரு கடுங்குளிர் வந்து பவர் ஸ்டேஷன்கள் நின்றன. "இயந்திரங்களையும் குழாய்களையும் குளிருக்குத் தாங்கும்படி செய்யுங்கள்" என்று நிபுணர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அது கட்டாயமாக்கப்படவில்லை. செலவு ஆகுமே!

2021 பிப்ரவரி 15, நள்ளிரவு தாண்டிய நேரம். பனிப்புயல். கேஸ் குழாய்கள் உறைந்தன. நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. 60 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் 59.302க்கு விழுந்தது. 59.4க்குக் கீழே 9 நிமிஷம் நின்றால் மிச்சமிருக்கும் ஜெனரேட்டர்களும் தானாகவே கழன்றுவிடும். அப்புறம் கிரிட்டை முதலிலிருந்து எழுப்ப வாரக்கணக்கில், ஏன், மாதக்கணக்கில்கூட ஆகியிருக்கும். அது நின்றது 4 நிமிஷம் 23 விநாடி! கன்ட்ரோல் ரூமில் இருந்தவர்கள் லோடை வெட்டி வெட்டிக் காப்பாற்றினார்கள். உச்ச நேரத்தில் 20,000 மெகாவாட் வெட்டப்பட்டது. 45 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளும் கடைகளும் இருண்டன. பக்கத்து கிரிட்டிலிருந்து வாங்கலாம் என்றால் இணைப்பு மிகச் சிறியது. குளிரில் விறைத்தும், வீட்டுக்குள் கரி மூட்டி நச்சுப்புகையிலும், இன்ன பிற வகையிலும் இறந்தவர்கள் அரசுக் கணக்கிலேயே 246 பேர்.

இதில் கவனிக்க வேண்டியது என்ன தெரியுமா? டெக்சாஸின் மேற்கு மூலையில் எல் பாசோ என்று ஒரு நகரம். அதே மாநிலம், அதே குளிர். ஆனால் அது மேற்குப் பகுதி கிரிட்டோடு சேர்ந்தது. 2011க்குப் பிறகு நிலையங்களைக் குளிருக்குத் தயார் செய்துகொண்டது. அங்கே பெரிய இருட்டு வரவில்லை. ஆகவே, கொன்றது பனி மட்டும் அல்ல, நண்பர்களே! முன்னேற்பாட்டுக்குச் செலவு செய்யாத மனசும்தான். 2021க்குப் பிறகு டெக்சாஸ் குளிர்காப்பைச் சட்டமாக்கியது. சோலாரும் பேட்டரியும் ஏராளமாகச் சேர்த்தது. நல்லது. 246 உயிருக்குப் பிறகு!

கலிபோர்னியா மட்டும் யோக்கியமா?

"ஒரேயடியா டெக்சாஸையே போட்டுத் தாக்குறியே" என்று கோபப்படாதீர்கள். வருகிறேன்.

2018 நவம்பர் 8. கலிபோர்னியாவின் பாரடைஸ் என்ற ஊர். பெயருக்கு அர்த்தம் சொர்க்கம். மலையில் போகும் ஒரு டிரான்ஸ்மிஷன் லைன். அதில் ஏறத்தாழ 100 வருஷம் பழைய ஒரு இரும்புக் கொக்கி. தேய்ந்து தேய்ந்து அன்றைக்கு அறுந்தது. தீப்பொறி, காய்ந்த புல், காற்று. 85 பேர் இறந்தார்கள். 18,000க்கு மேற்பட்ட கட்டடங்கள் சாம்பல். 2020இல் பசிபிக் கேஸ் அண்ட் எலெக்ட்ரிக் நிறுவனம் 84 பேரின் மரணத்துக்கான குற்றத்தைக் கோர்ட்டில் ஒப்புக்கொண்டது. ஒரு கொக்கியின் விலை என்ன இருக்கும்? மெக்கானிக்கல் நண்பர்களே, நீங்களே சொல்லுங்கள்! அதன் பிறகு காற்று பலமாக அடித்தால் கம்பெனியே கரண்டை நிறுத்திவிடுகிறது. 2019 அக்டோபரில் அப்படி இருட்டில் இருந்தவர்கள் 20 லட்சத்துக்கு மேல். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் பிடித்த தீயில் 16,000க்கு மேற்பட்ட கட்டடங்கள் போயின.

தீயைவிடப் பெரிய குற்றம் இன்னொன்று. 2024 ஜனவரிக் கணக்கெடுப்பில் கலிபோர்னியாவில் வீடு இல்லாதவர்கள் 1 லட்சத்து 87 ஆயிரம் பேர். டெக்சாஸில் 28 ஆயிரம். பத்தாயிரம் பேருக்கு இத்தனை என்று போட்டால், அங்கே 47, இங்கே 9. உலகத்தின் பெரிய பெரிய கம்பெனிகள் இருக்கும் மாநிலத்தில் நடைபாதையில் கூடாரம்!

ஏன் இப்படி? நிலம் இல்லையா? இருக்கிறது. கட்ட விடுவதில்லை! நகரங்களில் குடியிருப்பு நிலத்தின் பெரும்பகுதி தனி வீட்டுக்கு மட்டும் என்று பல காலம் பூட்டி வைத்திருந்தார்கள். அடுக்குமாடி கட்டப் போனால், 1970இல் வந்த சுற்றுச்சூழல் சட்டத்தைக் காட்டிப் பக்கத்து வீட்டுக்காரர் கேஸ் போடுவார். 1978இல் வந்த 13ஆம் எண் சட்டத்தால் பழைய வீட்டுக்காரருக்கு வரி ஏறுவது வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை. ஆகவே விலை எவ்வளவு ஏறினாலும் அவருக்குக் கவலை இல்லை, லாபம்தான். புதிதாக வருகிறவனுக்குத்தான் கதவு சாத்தியிருக்கிறது. டெக்சாஸிலோ ஹூஸ்டன் நகரத்துக்கு நிலப் பயன்பாட்டு மண்டலச் சட்டமே கிடையாது. கலிபோர்னியாவைவிடக் குறைந்த ஜனத்தொகை உள்ள டெக்சாஸ், 2022இலும் 2023இலும் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் வீடு கட்ட அனுமதி கொடுத்தது.

இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. கலிபோர்னியாவை விட்டுப் போகிறவர்களில் பெரும்பாலோர் பணக்காரர்கள் அல்லர். நடுத்தரத்திலும் அதற்குக் கீழும் இருப்பவர்கள். அவர்கள் போன பிறகு மிஞ்சுகிறவர்களைச் சராசரி எடுத்தால் மார்க் ஏறத்தானே செய்யும்? பெயில் ஆகிறவனுக்கெல்லாம் டி.சி. கொடுத்துவிட்டு "எங்கள் ஸ்கூல் 100 சதவீதம் பாஸ்" என்று போர்டு வைப்பதைப் போல!

தீர்ப்பு

சரி, மொட்டை மாடிப் பட்டிமன்றத்தை முடிப்போம். டெக்சாஸ் உட்கார இடம் கொடுக்கிறது. விழுந்தால் தூக்க மாட்டேன் என்கிறது. கலிபோர்னியா விழுந்தால் தூக்குகிறது. உட்காரத்தான் இடம் கொடுக்க மாட்டேன் என்கிறது.

எனக்கு ஓட்டுப் போடச் சொன்னால், கலிபோர்னியாவுக்கே போடுவேன். மனசு முழுக்க ஒப்பிப் போட மாட்டேன், ஆனாலும் போடுவேன். காரணம் ஒன்றுதான். வாடகை அதிகம் என்றால் ரெண்டு பேர் சேர்ந்து இருக்கலாம், தள்ளிப் போய் இருக்கலாம், ஓவர்டைம் பார்க்கலாம். நல்ல நாளில் நம் கைகால் நமக்குத் துணை. கெட்ட நாளில் அந்தக் கைகாலே இல்லாமல் போகலாம். அன்றைக்கு எந்த ஊர் நம்மைக் கைவிடாதோ அதுதான் வாழத் தகுந்த ஊர். ஆனால் தலைக்கு மேல் கூரையே கிடைக்காத குடும்பத்திடம் போய் இந்த வாதத்தைச் சொல்ல எனக்கு வாய் வராது. அவர்களுக்கு ஒவ்வொரு நாளும் கெட்ட நாள்தான். அந்த ஒரு கணக்கில் என் தீர்ப்பு தோற்கிறது. அதையும் மறைக்க விரும்பவில்லை.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. இந்த இரண்டு குறையும் கடவுள் கொடுத்ததா? இல்லையே! விபத்து இன்சூரன்ஸ் கட்டாயமா இல்லையா என்பது சட்டப் புத்தகத்தில் ஒரு வரி. அடுக்குமாடி கட்டலாமா கூடாதா என்பதும் ஒரு வரி. எழுதியவர்கள் மனிதர்கள், மாற்றுகிறவர்களும் மனிதர்களே. 2021இல் கலிபோர்னியா தனி வீட்டு மனையில் இரண்டு வீடு கட்ட அனுமதித்தது. 2025இல் நகருக்குள் கட்டும் குடியிருப்புகள் பலவற்றுக்குச் சுற்றுச்சூழல் கேஸிலிருந்து விலக்கும் கொடுத்தது. டெக்சாஸும் கிரிட் விஷயத்தில் சட்டத்தை மாற்றியதே! டெக்சாஸின் வீட்டு அனுமதியும் கலிபோர்னியாவின் தொழிலாளர் சட்டமும் ஒரே மாநிலத்தில் இருக்கக் கூடாது என்று எந்த இயற்பியல் விதியும் சொல்லவில்லை.

ஆகவே நண்பர்களே, இனிமேல் யாராவது "அந்த ஊர்ல சம்பளம் எவ்வளவு தெரியுமா?" என்று ஆரம்பித்தால் மூன்று கேள்வி கேளுங்கள். வீட்டுக்குக் கொடுத்தது போக மிச்சம் எவ்வளவு? ஏணியிலிருந்து விழுந்தால் யார் செலவு? அந்தச் சட்டத்தை மாற்ற அங்கே வேலை செய்கிறவனுக்கு வாய் இருக்கிறதா? அந்த ஊர் எந்த ஊராக இருந்தாலும் சரி, இந்த மூன்றுக்கும் பதில் வந்த பிறகு சம்பளத்தைப் பற்றிப் பேசலாம்.

இக்கரைக்கு அக்கரைப் பச்சை என்பார்கள். அக்கரையிலும் இரண்டு கரை இருக்கிறது. பச்சையைப் பார்க்கும்போது, தண்ணீர் ஊற்றுகிறவன் நிழலில் நிற்கிறானா, வெயிலில் நிற்கிறானா என்றும் பார்ப்போம்!